டாக்குமென்ட் வேலை இனி நிற்குமா?

கேள்வி (ராயபுரம்): பாரிமுனையில் கஸ்டம்ஸ் புரோக்கர் ஆபீஸில் இருக்கிறேன். இன்வாய்ஸைப் படித்து பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதிச் சரக்குக்கான சுங்கப் படிவம்) விவரங்களை இப்போது ஏஐயே நிரப்பிவிடுகிறது. பயமாக இருக்கிறது அண்ணா, என்ன படிக்கலாம்?

பதில் (தண்டையார்பேட்டை): தம்பி, டைப் அடிக்கிற வேலையை நம்பாதே. ஆனால் எச்எஸ் கோட் (சரக்கை வகைப்படுத்தும் எண்) தப்பானால் வரி வித்தியாசம், அபராதம், துறைமுகத்தில் சரக்கு தேங்கினால் டெமரேஜ் (தேக்கக் கட்டணம்) என்று எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டியது மனிதன்தான், மென்பொருள் இல்லை. வகைப்படுத்தலுக்கான 6 பொது விதிகளைக் கரைத்துக் குடி. 2018 கஸ்டம்ஸ் புரோக்கர் உரிம விதிமுறைப்படியான ஜி கார்டு தேர்வை, அதாவது புரோக்கர் ஆபீஸ் ஊழியர்களுக்கு சுங்கத் துறை வைக்கிற தேர்வை எழுது.

பதில் (திருவொற்றியூர்): அண்ணன் சொல்வது சரி. அப்புறம், ஏஐ எங்கெங்கே தடுமாறுகிறது என்று தினமும் குறித்து வை. மங்கலான ஸ்கேன், உதிரிபாகமா முழு இயந்திரமா என்ற குழப்பம், இதைப் பிடிக்கிற ஆளை முதலாளி லேசில் விடமாட்டார்.

ராயபுரம்: நன்றி அண்ணா, ஜி கார்டு பாடத்திட்டத்தை இன்றே பார்க்கிறேன்.