நள்ளிரவு பன்னிரண்டரைக்கு ஒரு விவாதம்

புதுவையிலிருந்து:

வேட்பாளர்கள் எதிரெதிரே உட்கார்ந்து பேசும்போது சுற்றி இருக்கிற ஜனங்கள் எப்படி இருந்தார்கள் என்று கேட்டிருந்தீர்கள். நான் பார்த்தது பிரான்ஸ் அதிபர் தேர்தல் விவாதம், அதுவும் டிவியில்தான். ஆனால் அன்றைக்கு நாங்கள் டிவி பார்த்த வீட்டுக் கூடத்தில் இருந்த பரபரப்பை இதுவரை எந்தப் பொதுக்கூட்டத்திலும் கண்டதில்லை.

2022 ஏப்ரல். மிஷன் வீதிக்குப் பக்கத்தில் ஒரு சொல்தா வீட்டு மாடியில் குடியிருந்தேன். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை இங்கே சொல்தா என்போம். 1962 ஆகஸ்ட் 16-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்பவர்கள் எழுதிக் கொடுக்க ஆறு மாதம் அவகாசம் இருந்தது. அந்த வழியில் வந்த குடும்பங்கள் பிரான்ஸ் அதிபர் தேர்தலுக்கு இங்கிருந்தே ஓட்டுப் போடுகிறார்கள். வீட்டுக்காரத் தாத்தா அல்ஜீரியாவில் வேலை பார்த்தவர். அப்போது எண்பது தாண்டியிருந்தது.

இரண்டாம் சுற்று ஓட்டுப்பதிவுக்கு நான்கு நாள் முன்னால், ஏப்ரல் 20 ராத்திரி, அப்போது அதிபராக இருந்த மக்ரோனும் அவரை எதிர்த்து நின்ற மரின் லெ பென்னும் விவாதத்துக்கு உட்கார்ந்தார்கள். அங்கே ஒன்பது மணி என்றால் நமக்கு நள்ளிரவு பன்னிரண்டரை. தாத்தா சாயங்காலமே தூங்கி எழுந்து, லுங்கிக்கு மேலே இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார். லிசே என்கிற பிரெஞ்சுப் பள்ளியில் படிக்கிற பேத்தி லேப்டாப்பை டிவியோடு இணைத்தாள். தெருவில் ஓட்டு உள்ளவர்கள், என்னைப் போல இல்லாதவர்கள், எல்லாமாகப் பன்னிரண்டு பேர். பாட்டி பெரிய பிளாஸ்கில் காபி போட்டு வைத்திருந்தார். எனக்குப் பிரெஞ்சு அரைகுறை. பேத்திதான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

ஒவ்வொருவரும் எவ்வளவு நேரம் பேசினார்கள் என்ற கணக்கைத் திரையிலேயே காட்டினார்கள். தாத்தாவுக்கு அது போதவில்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றி முக்காலி மேல் வைத்துக்கொண்டார். லெ பென் பேசும்போது பாட்டியின் தம்பி குறுக்கே ஏதோ திட்டினார். தாத்தா திரும்பிப் பார்க்காமலே, “அந்தம்மா முடிக்கட்டும்யா. அப்புறம் பேசு” என்றார். மக்ரோன் இடைமறித்தபோதும் அதே குரல்: “அவ நேரத்தை ஏன் எடுக்கிறான்?”

ஓய்வு பெறும் வயதை 65 ஆக்க வேண்டும் என்று மக்ரோன் சொன்னதும் கூடம் கொதித்துவிட்டது. பாட்டியின் தம்பியுடைய மகன் பிரான்சில் கட்டட வேலை பார்க்கிறார். “அறுபத்தஞ்சு வரைக்கும் சிமெண்ட் மூட்டை தூக்குவானா?” என்று தம்பி கத்தினார். பக்கத்து வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்தது.

பிறகு முக்காடு பற்றிய பேச்சு வந்தது. பொது இடங்களில் அதைத் தடை செய்ய வேண்டும் என்றார் லெ பென். அப்படிச் செய்தால் உள்நாட்டுப் போர்தான் வரும் என்றார் மக்ரோன். காரைக்காலிலிருந்து வந்து எங்கள் தெருவில் இருக்கிற ஒரு அக்கா அதுவரை சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். அவர் தங்கை பாரீஸுக்கு வெளியே குடித்தனம் செய்கிறார், முக்காடு போடுகிறவர். பேத்தி தமிழில் சொல்லி முடித்ததும் அக்கா நகர்ந்து டிவிக்குக் கிட்டே வந்தார். கையில் இருந்த டம்ளரில் காபி ஆடை கட்டிவிட்டது, குடிக்கவே இல்லை. “என் தங்கச்சி காய் வாங்கப் போறதைப் பத்தியா இவங்க ரெண்டு பேரும் பேசிக்கிறாங்க?” என்றார். யாருக்கும் பதில் சொல்ல வாய் வரவில்லை. தாத்தா டிவி சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தார், அவ்வளவுதான்.

முடியும்போது மூன்று மணியைத் தாண்டிவிட்டது. ஆனால் யாரும் எழுந்து போகவில்லை, பால்காரர் வரும்வரை பேசிக்கொண்டிருந்தோம். வேட்பாளர்கள் இப்படி உட்கார்ந்து பேசுகிற வழக்கம் 1974-லிருந்து இருப்பதைத் தாத்தா சொன்னார். 2002-ல் மட்டும் அப்போதைய அதிபர் ஷிராக், தன்னை எதிர்த்து நின்ற லெ பென்னின் அப்பாவோடு உட்கார மறுத்துவிட்டாராம். அது தாத்தாவுக்குப் பிடிக்கவில்லை. “பிடிக்காதவன்னாத்தான் உக்காந்து கேக்கணும்” என்றார். ஞாயிற்றுக்கிழமை ஓட்டுப் போட்டுவிட்டு வந்தார். யாருக்கு என்று பாட்டியிடம்கூடச் சொல்லவில்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரு ஆதங்கம். நம் சட்டமன்றத்துக்கு 30 தொகுதிதான். ஒன்றுக்குச் சராசரியாக முப்பதாயிரத்துச் சொச்சம் ஓட்டு. இத்தனை சின்ன இடத்தில் எல்லா வேட்பாளர்களையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்துக் கேட்க முடியாதா? வேனில் கை கூப்பியபடி போகிறவரிடம் எதைக் கேட்பது?

கடலூரிலிருந்து:

முடியும். எங்கள் வார்டில் செய்தோம். அதே 2022, பிப்ரவரி 19 உள்ளாட்சித் தேர்தலுக்கு முந்தைய வாரம். கடலூர் மாநகராட்சி ஆனபின் நடந்த முதல் தேர்தல், 45 வார்டு. பழைய கவுன்சிலர்களின் காலம் 2016 அக்டோபரிலேயே முடிந்துவிட்டதால், ஐந்து வருஷத்துக்கு மேல் ஜனங்களுக்குக் கேட்க ஆளே இல்லை. அதனால் கூட்டம் தானாக வந்தது. பிள்ளையார் கோயில் வாசலில் பெஞ்சு, ஒரு மைக், ஆளுக்கு மூன்று நிமிஷம். நேரம் முடிந்தால் நான் எவர்சில்வர் தட்டில் கரண்டியால் தட்டுவேன்.

சாலை, விளக்கு என்று எல்லாரும் ஒரே மாதிரிதான் பேசினார்கள். பிறகு மீன் விற்கிற அம்மா ஒருவர் எழுந்து, “நவம்பர்ல பெண்ணையாத்துத் தண்ணி உள்ள வந்துச்சே, அன்னிக்கு நீங்கள்லாம் எங்க இருந்தீங்க?” என்றார். மூன்று பேர் சுற்றி வளைத்தார்கள். நான்காமவர், “என் வீட்லயும் தண்ணிம்மா. பிள்ளைங்கள கூட்டிக்கிட்டு மாமியார் வீட்டுக்குப் போயிட்டேன். யாருக்கும் ஒண்ணும் செய்யலை” என்றார். ஒரு நொடி அமைதி. பிறகு கைதட்டல். அவர் ஜெயிக்கவில்லை. ஆனால் அந்த அம்மா இன்றைக்கும் அவரைப் பார்த்தால் நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் போகிறார்.

புதுவையிலிருந்து:

அவர்களை எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள்? அதை எழுதுங்கள்.

கடலூரிலிருந்து:

முதலில் சுயேச்சை ஒருவரிடம் போனோம், உடனே சரி என்றார். மற்றவர்களிடம், “அவர் வர்றார். ஆறு நாற்காலி போட்டுப் பேர் எழுதி ஒட்டப்போறோம், வராதவங்க நாற்காலி அப்படியே இருக்கும்” என்றோம். பெஞ்சைக் கடைசி நேரத்தில்தான் போட்டோம், வந்த நாலு பேருக்கு. மீதி இரண்டு நாற்காலியைப் பேரோடு ஓரத்தில் வைத்தோம். கூட்டம் முடிகிற வரைக்கும் அதில் ஒரு குழந்தையைக்கூட யாரும் உட்கார விடவில்லை.