கண்டது வேறு, கருதியது வேறு: இயேசு யார் என்பதில் சாட்சி எதுவரை போகும்?

கல்மண்டபம்:
பக்கத்து இழையில் ஒருவர், "இயேசுவே கிறிஸ்து என்று யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸே எழுதி வைத்துவிட்டார், இனி என்ன சாட்சி வேண்டும்?" என்று போட்டுவிட்டுப் போய்விட்டார். அந்த ஒரு பத்தியைப் பிரித்துப் பார்த்துவிடலாம்.

கி.பி. 93-94 வாக்கில் ரோமில் இருந்துகொண்டு ஜோசிபஸ் கிரேக்கத்தில் எழுதிய 'யூதர்களின் தொன்மை' 20 நூல்கள் கொண்டது. 18ஆம் நூலில், யூதேயாவின் ரோம ஆளுநர் பிலாத்துவின் ஆட்சியைச் சொல்லும் இடத்தில் இந்தப் பத்தி வருகிறது. மூன்று இடங்கள் இடிக்கின்றன: 'அவரை மனிதர் என்று சொல்வது தகுமானால்', 'அவரே கிறிஸ்து', 'மூன்றாம் நாள் உயிரோடு அவர்களுக்குத் தோன்றினார்'. இதை மனமறிந்து எழுதியவர் கிறிஸ்தவராகத்தான் இருக்க முடியும். ஜோசிபஸோ, யூதேயாவிலிருந்து ஒருவர் எழுந்து உலகை ஆள்வார் என்ற வாக்கை ரோமப் பேரரசர் வெஸ்பாசியனுக்குப் பொருத்தியவர்.

முன்பின் பாருங்கள். இதற்கு முன் உள்ளது, பிலாத்து கோயில் பணத்தில் நீர்க்கால்வாய் வெட்டியதால் எழுந்த கலவரமும் சாவுகளும். இதற்குப் பின் வரும் வரி, 'அதே காலத்தில் இன்னொரு துயரமும் யூதர்களைக் கலக்கியது'. 'இன்னொரு' என்பது கலவரத்தோடு கச்சிதமாகப் பொருந்துகிறது. நடுவில் இருக்கும் பத்தியோடு பொருந்தவில்லை.

எனக்குப் பெரிதாகப் படுவது ஓரிஜன். மூன்றாம் நூற்றாண்டின் நடுவில் இந்தச் சபைத் தந்தை, இதே 18ஆம் நூலில் யோவான் ஸ்நானகனைப் பற்றி வருவதைச் சுட்டிக்காட்டிவிட்டு, ஜோசிபஸ் இயேசுவைக் கிறிஸ்து என்று நம்பாதவர் என்கிறார். இன்று நாம் படிக்கும் வரி அவர் கையில் இருந்த பிரதியில் இருந்திருந்தால் இப்படி எழுதியிருப்பாரா? நான்காம் நூற்றாண்டில் சபை வரலாற்றாசிரியர் யூசிபியஸ் மேற்கோள் காட்டும்போதுதான் பத்தி முழுசாக வெளியே வருகிறது.

மெழுகுவத்தி:
தோழரே, அந்த மூன்று இடங்களும் பின்னால் சேர்ந்தவை என்பதில் எனக்கும் தகராறு இல்லை. பிரசங்கத்தில் இதை மூலதனமாக வைப்பவர்கள் கேட்பவரை ஏமாற்றுகிறார்கள் என்றே சொல்வேன். ஆனால் முழுப் பத்தியும் செருகல் என்று தாண்டிவிடாதீர்கள். 20ஆம் நூலில், கி.பி. 62இல் பிரதான ஆசாரியன் அனானுஸ் யாக்கோபைக் கல்லெறிந்து கொல்ல ஒப்புக்கொடுத்த இடத்தில், 'கிறிஸ்து எனப்படும் இயேசுவின் சகோதரன்' என்று போகிற போக்கில் வருகிறது. இந்த 'எனப்படும்' விசுவாசியின் சொல் அல்ல, தள்ளி நின்று பார்ப்பவரின் சொல். செருகுகிறவர் இவ்வளவு அடக்கமாகச் செருக மாட்டார்.

எப்படியிருந்தாலும் எங்கள் நம்பிக்கை ஜோசிபஸ் மேல் நிற்கவில்லை. சாட்சியம் என்று வந்தால் 1 கொரிந்தியர் 15:3-8க்குத்தான் வரவேண்டும். அப்போஸ்தலர் பவுல் எபேசுவிலிருந்து ஏறக்குறைய கி.பி. 53-55இல் எழுதிய கடிதம் அது. நான்கு சுவிசேஷங்களுக்கும் முந்தியது. 'நான் அடைந்ததும் உங்களுக்குப் பிரதானமாக ஒப்புவித்ததும்' என்று தொடங்குகிறார். அடைந்து ஒப்புவித்தல் என்ற இந்த ஜோடிச் சொல் யூத ரபிகள் போதனையைக் கைமாற்றும்போது சொல்வது.

அடுத்து வருவது பவுலின் நடையே இல்லை. 'ஹோட்டி', அதாவது 'என்று', நான்கு முறை அடுக்கி வருகிறது: மரித்தார் என்று, அடக்கம்பண்ணப்பட்டார் என்று, எழுந்தார் என்று, தரிசனமானார் என்று. 'பன்னிருவர்' என்ற சொல் பவுலின் கடிதங்களில் இங்கே தவிர வேறெங்கும் இல்லை. யூதாஸ் போனபின் பதினொருவர்தானே, ஆனாலும் பட்டப்பெயர் மாறவில்லை. பேதுருவை அரமேயப் பெயரால் கேபா என்கிறது. வாய்ப்பாடு மாதிரி மனனம் செய்த வாக்குமூலம் இது. சிலுவை மரணம் 30 அல்லது 33 என்றால், இது உருவானது அதிலிருந்து சில ஆண்டுகளுக்குள் என்பதை நம்பிக்கையில்லாத ஆய்வாளர்கள் பலரும் ஏற்கிறார்கள்.

ஏட்டுப்பிழை:
ஜோசிபஸ் பற்றி ஒரு குறிப்பு மட்டும். பத்தாம் நூற்றாண்டில் அகாப்பியஸ் என்ற ஆயர் அரபியில் எழுதிய வரலாற்றில் இதே பத்தி மட்டுப்பட்ட தொனியில் வருகிறது. 1971இல் ஷ்லோமோ பினெஸ் என்ற ஆய்வாளர் அதை முன்வைத்தபோது அசல் கிடைத்துவிட்டது என்று பலர் துள்ளினார்கள். சபைத் தந்தை ஜெரோமின் லத்தீன் மொழிபெயர்ப்பிலும் 'கிறிஸ்து என்று நம்பப்பட்டார்' என்றே இருக்கிறது. ஆக, மட்டுப்பட்ட வாசகம் ஒன்று சுற்றில் இருந்திருக்கிறது. அது ஜோசிபஸின் கையா, பின்னால் யாரோ கூச்சப்பட்டுக் குறைத்ததா என்பதை அரபியை வைத்துத் தீர்க்க முடியாது. கிரேக்கத்தில் 18ஆம் நூலுக்கு நம்மிடம் இருக்கும் மிகப் பழைய ஏடே 11ஆம் நூற்றாண்டுதான்.

கல்மண்டபம்:
சரி, 1 கொரிந்தியருக்கே வருகிறேன்.

ஐந்நூறு பேருக்கு மேல் ஒரேவேளையில் பார்த்தார்கள், பெரும்பாலோர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்கிறார் பவுல். எந்த ஊர்? எந்த நாள்? ஒரு பெயர்? கிரேக்க நாட்டுக் கொரிந்துக்காரர் எங்கே போய் யாரைக் கேட்பது? நான்கு சுவிசேஷக்காரர்களும் இப்படி ஒரு கூட்டத்தைக் கண்டுகொள்ளவே இல்லை. கோர்ட்டில் இது ஐந்நூறு சாட்சி அல்ல. ஐந்நூறு பேர் இருந்தார்கள் என்று சொல்லும் ஒரு சாட்சி. நம் சாட்சியச் சட்டத்தின் 60ஆம் பிரிவு (2024 ஜூலைக்குப் பின் புதுச் சட்டத்தில் 55) கேட்பது இதைத்தான்: கண்டதென்றால் கண்டவரே சொல்ல வேண்டும்.

கிரீன்லீஃப் என்ற ஹார்வர்டு சட்டப் பேராசிரியர் 1846இலேயே நிரூபித்துவிட்டார் என்று அடுத்து யாராவது வருவார்கள். பழைய ஆவணம் உரிய இடத்திலிருந்து வந்தால் அசலாகக் கொள்ளலாம் என்பது அவர் வாதத்தின் ஒரு கால். நம் பழைய சாட்சியச் சட்டத்தில் அது 90ஆம் பிரிவு (புதுச் சட்டத்தில் 92), 30 ஆண்டு. ஆனால் அது தரும் அனுமானம் கையெழுத்துக்கும் எழுதிக்கொடுத்ததற்கும்தான். உள்ளே எழுதியிருப்பது உண்மை என்பதற்கு அல்ல. பழைய கிரயப் பத்திரத்தில் 'இது என் பாட்டன் சொத்து' என்று எழுதியிருந்தால் பத்திரம் நிஜம். பாட்டன் சொத்தா என்பது தனி வழக்கு.

மூன்றாவது, இதுதான் என் முக்கியக் கேள்வி. 'ஓஃப்தே', தரிசனமானார் என்ற அதே வினைச்சொல்லைப் பேதுருவுக்கும் போடுகிறார், தனக்கும் போடுகிறார். பவுலுக்குக் கிடைத்தது தமஸ்கு வழியில் ஒரு வெளிச்சமும் குரலும் என்கிறது அப்போஸ்தலர் நடபடிகள். மற்றவர்களுக்கும் அதுவேயா? சரி, கண்டார்கள் என்றே வையுங்கள். கண்ணுக்குத் தெரிவது ஓர் உருவம். 'தேவகுமாரன்' என்பது கண்ணில் படும் பொருளா? அது கண்டவர் எடுத்த முடிவு. சாட்சி தன் முடிவைச் சொன்னால் எந்த நீதிபதியும் "பார்த்ததை மட்டும் சொல்லுய்யா" என்பார்.

வைகறை:
கல்மண்டபம் சட்டத்தில் கேட்டதை நான் ஹதீஸ் கலையில், அதாவது நபிமொழிகளைச் சோதிக்கும் கலையில் கேட்கிறேன். ஒரு செய்தி ஸஹீஹ் (ஆதாரபூர்வமானது) ஆக ஐந்து நிபந்தனை: அறிவிப்பாளர் தொடர் அறுபடக் கூடாது, ஒவ்வொருவரும் நேர்மையாளர், மனன சக்தியில் உறுதியானவர், தன்னைவிட வலுவான அறிவிப்புக்கு முரண்படக் கூடாது, மறைவான குறை இருக்கக் கூடாது. மத்தேயு சுவிசேஷத்தில் எழுதியவர் தன் பெயரைச் சொல்லவில்லை. 9:9இல் 'மத்தேயு என்னும் ஒரு மனுஷன்' என்று மூன்றாம் ஆள்போல வருகிறது. லூக்கா முதல் நான்கு வசனத்தில் கண்ணாரக் கண்டவர்களிடமிருந்து வந்தது என்கிறார், யார் என்று ஒரு பெயரும் இல்லை. எங்கள் தரப்பில் பெயர் தெரியாத அறிவிப்பாளர் நடுவில் வந்தாலே அது பலவீனமான செய்தி.

மெழுகுவத்தி:
இருவருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

பாய், தொடர் கேட்டீர்கள். பவுலுக்கு இருக்கிறது. கலாத்தியர் 1:18-19: மூன்று வருஷத்துக்குப் பின் எருசலேம் போய்ப் பேதுருவோடு 15 நாள் தங்கினேன், கர்த்தருடைய சகோதரன் யாக்கோபையும் கண்டேன். அடுத்த வசனத்திலேயே, நான் எழுதுவது பொய்யல்ல, தேவனுக்குமுன் சொல்கிறேன் என்கிறார். பட்டியலில் பெயர் சொல்லி வரும் தனியாட்கள் கேபாவும் யாக்கோபும்தான். இருவரையும் நேரில் கண்டு பேசியவர் அந்தப் பட்டியலைக் கையளிக்கிறார். நடுவில் பெயர் தெரியாத ஆளே இல்லை. இன்னொன்று: ஆரம்பத்தில் இஸ்னாத் (அறிவிப்பாளர் தொடர்) கேட்கவில்லை, ஃபித்னா (முஸ்லிம்களுக்குள் எழுந்த கலகம்) வந்த பிறகே 'உங்கள் ஆட்களின் பெயரைச் சொல்லுங்கள்' என்றார்கள் என்று ஆரம்பகால அறிஞர் இப்னு சீரீன் சொன்னதாக ஸஹீஹ் முஸ்லிம் என்ற ஹதீஸ் தொகுப்பின் முன்னுரையிலேயே உள்ளது. அந்தக் கருவி பிறப்பதற்கு ஐந்நூறு ஆண்டுக்கு மேல் முன்பு எழுதியவர்களிடம் அதைக் கேட்டால், ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸும் தேற மாட்டார்.

தோழரே, ஐந்நூறு பேர் விஷயத்தில் உங்கள் அடி சரியாகத்தான் விழுகிறது. அதைத் தனியாகத் தூக்கிப் பிடிக்க மாட்டேன். ஆனால் காலியான கல்லறைக்கு முதல் சாட்சி பெண்கள். பெண்களின் சாட்சியை ஏற்காதீர்கள் என்று ஜோசிபஸ் தன் நான்காம் நூலில் எழுதுகிறார். இரண்டாம் நூற்றாண்டில் செல்சஸ் என்ற தத்துவவாதி, புத்தி தடுமாறிய ஒரு பெண்தானே பார்த்தாள் என்று கேலியே செய்தார். கட்டிச் சொல்கிறவர் எடுபடாத சாட்சியையா முதலில் கூண்டில் ஏற்றுவார்?

'கண்டது உருவம், தேவகுமாரன் என்பது முடிவு' என்றீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த முடிவு எவ்வளவு சீக்கிரம் வந்தது என்பதும் ஒரு தடயம்தானே? பிலிப்பியர் 2:10-11 'முழங்கால் யாவும் முடங்கும், நாவு யாவும் அறிக்கைபண்ணும்' என்பதை இயேசுவுக்குச் சொல்கிறது. அது ஏசாயா 45:23இல் யெகோவா தன்னைப்பற்றிச் சொன்னது. 1 கொரிந்தியர் 16:22இல் 'மாரநாதா'. எங்கள் ஆண்டவரே வாரும் என்ற அந்த அரமேய ஜெபம் கிரேக்கச் சபையிலும் மொழிபெயர்க்காமலே புழங்கியிருக்கிறது. அப்படியானால் அரமேயம் பேசிய முதல் கூட்டமே அவரைக் கூப்பிட்டு ஜெபித்தது. ஒரே தேவன் என்று காலை மாலை சொல்லும் யூதர்கள் அவர்கள். ஏன் அங்கே போனார்கள்?

ஏட்டுப்பிழை:
பெண்கள் வாதத்தில் ஓட்டை ஒன்று உண்டு. பவுலின் பட்டியலில் அவர்கள் இல்லை. மாற்கு 16:8இல் அவர்கள் பயந்து ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை என்று முடிகிறது. சினாய், வத்திக்கான் என்ற மிகப் பழைய பைபிள் சுவடிகளில் அந்த நூலே அங்கே நின்றுவிடுகிறது. 9 முதல் 20 வரை பிற்சேர்க்கை.

'நான்கு சாட்சிகள்' என்று எண்ணுகிறவர்களுக்கும் ஒரு கணக்கு. ஒரு சாட்சி ஒரு செய்தியின் சாத்தியத்தைப் பத்து மடங்கு ஏற்றுகிறார் என்று வைத்தால், தனித்தனியான நால்வர் 10,000 மடங்கு ஏற்றுவார்கள். மூவர் ஒருவரைப் பார்த்து எழுதியிருந்தால் மறுபடி பத்துதான். மாற்குவின் 661 வசனங்களில் ஏறத்தாழ 600 மத்தேயுவில் ஏதோ வடிவில் இருக்கின்றன. ஆகவே தலை எண்ணாமல், யார் யாரைப் பார்க்காமல் எழுதினார் என்று எண்ணவேண்டும். பவுலும் மாற்குவும் தனி என்பதற்கு நல்ல வாதம் உண்டு. யோவான் தனியா என்பதில் இன்னும் சண்டை ஓயவில்லை.

விசுவாசிகள் பக்கம் வலுவாக நான் நினைப்பது பெயர்கள். டால் இலான் என்ற வரலாற்றாய்வாளரின் யூதப் பெயர்த் தொகுப்பில் அந்தக் கால யூதேயா, கலிலேயாவில் அதிகம் புழங்கிய பெயர் சீமோன், அடுத்தது யோசேப்பு. தெருவுக்கு நாலு முருகன் இருந்தால் வாத்தியார் முருகன், டீக்கடை முருகன் என்று சொல்வோமே, அதுபோல சுவிசேஷங்களில் சீமோன் பேதுரு, செலோத்தே சீமோன், சிரேனே ஊரான் சீமோன், குஷ்டரோகி சீமோன். பிலிப்புவுக்குப் பட்டம் தேவைப்படவில்லை. எகிப்திலோ ரோமிலோ உட்கார்ந்து கற்பனை செய்தவருக்கு இந்த விகிதம் தெரிந்திருக்காது.

கல்மண்டபம்:
பெயர்கள் சரி. செய்தி அந்த மண்ணிலிருந்து வந்தது என்று காட்டும், அவ்வளவுதான். ஊர்ப்பெயரும் ஆள்பெயரும் சரியாக உள்ள பேய்க்கதையும் உண்டு.

'ஏன் அங்கே போனார்கள்' என்பது நல்ல கேள்வி. ஆழமான அனுபவம் ஒன்று நடந்தது என்பதற்கு அது சாட்சி. அனுபவத்துக்குக் காரணம் என்ன என்பதற்கு அல்ல.

மெழுகுவத்தி:
தத்துவவாதி ஹியூம் 1748இல் சொன்னதுதான் உங்கள் வாதமும். அற்புதத்துக்கு எதிராகச் சீரான அனுபவம் இருக்கிறது என்பார். சீரானது என்று எப்படித் தெரியும்? அற்புதச் சாட்சிகளை எல்லாம் முதலிலேயே தள்ளிவிட்டால்தான்.

பாய்க்கும் ஒரு கேள்வி. குர்ஆனின் நிஸா 4:157 அவரைச் சிலுவையில் அறையவில்லை என்கிறது, ஆறு நூற்றாண்டு கழித்து. டாசிட்டஸ், ஜோசிபஸ், பவுல், மாற்கு எல்லாம் எதிர்ப்பக்கம். உங்கள் ஐந்து நிபந்தனையில் அது எங்கே நிற்கிறது?

வைகறை:
நிற்காது, ஏனென்றால் அது மனித அறிவிப்பு அல்ல. வஹீ (இறை வெளிப்பாடு) என்று ஏற்பவர்களுக்கு அது ஆதாரம். வரலாற்று வாதமாக அதை உங்கள் முன் வைக்க மாட்டேன். நீங்களும் அதே நேர்மையோடு, 'தேவகுமாரன்' என்ற இடத்தில் சாட்சியை விட்டுவிட்டு வெளிப்பாட்டுக்குத் தாவுகிறேன் என்று சொல்லிவிடலாமே.

மெழுகுவத்தி:
முழுசாக விட்டுவிட்டு அல்ல. யோவான் 5:31இல் இயேசுவே, என்னைக்குறித்து நானே சாட்சி கொடுத்தால் அது மெய்யாயிராது என்கிறார். உபாகமம் 19:15இன்படி இரண்டு மூன்று பேர் வேண்டும் என்ற அதே விதி. பிறகு யோவான் ஸ்நானகன், தன் கிரியைகள், பிதா, வேதவாக்கியம் என்று அடுக்குகிறார். பிதாவின் சாட்சியை எந்தக் கோர்ட்டிலும் அழைக்க முடியாது, அது தெரியும்.

கல்மண்டபம்:
அப்படியானால் மத்தேயு 28:17ஐ நீங்களே படியுங்கள். கலிலேயா மலையில் பதினொருவரும் அவரைக் கண்டு பணிந்துகொண்டார்கள், 'சிலரோ சந்தேகப்பட்டார்கள்'. ஒரே மலை, ஒரே நேரம், கண்முன்னே ஒரே ஆள்.

மெழுகுவத்தி:
அந்த வரியை அவர் அழிக்காமல் விட்டிருக்கிறாரே, அதைக் கவனித்தீர்களா?

ஏட்டுப்பிழை:
கிரேக்கத்தில் 'ஹொய் தே' என்றுதான் இருக்கிறது. 'சிலரோ' என்றும் கொள்ளலாம், 'அவர்களோ' என்றும் கொள்ளலாம். இரண்டாவதைக் கொண்டால் பணிந்தவர்களே சந்தேகப்பட்டவர்கள். அங்கே வரும் 'டிஸ்டாஸோ' என்ற வினை புதிய ஏற்பாடு முழுவதிலும் இரண்டே இடத்தில்தான். இன்னொன்று மத்தேயு 14:31, பேதுரு தண்ணீர்மேல் நடந்துவந்து பாதியில் அமிழும் இடம்.