அம்மாவின் மறைவுக்குப் பின் எதை வாசிப்பது?

கேள்வி: பாளைவாசி

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களே, ஜூலை மாதம் என் தாயார் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். அடக்க ஆராதனையில் நான் அழுததைப் பார்த்த மூப்பர் ஒருவர், நம்பிக்கையற்றவர்களைப் போல் துக்கிக்கலாமா என்று என் காதருகே வந்து கேட்டார். அன்றிலிருந்து ஜெபிக்க உட்கார்ந்தாலே, அழுவதுதான் அவிசுவாசமோ என்ற எண்ணம் முன்னால் வந்து நிற்கிறது. வீட்டில் தினதியானப் புத்தகங்களுக்குக் குறைவில்லை. ஆனால் ஒவ்வொன்றும் இரண்டாம் பத்திக்குள் ஆறுதலுக்குத் தாவிவிடுகிறது. துக்கத்தை அவசரப்படுத்தாமலும் விசுவாசத்தைக் கைவிடாமலும் எழுதப்பட்டவை உண்டா? ஆங்கிலமும் நிதானமாக வாசிப்பேன். தமிழில் இருந்தால் இன்னும் நல்லது.

பதில் 1: குடந்தை வாசகன்

நான் கத்தோலிக்கன், எனவே எனக்கு முதலில் நினைவுக்கு வருவது புனித அகுஸ்தினாரின் தன்வரலாறுதான். அதன் 13 பாகங்களையும் இப்போது வாசிக்க வேண்டாம். ஒன்பதாம் பாகத்தின் பிற்பகுதி போதும். 387ஆம் ஆண்டு, ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறக் காத்திருந்த ஒஸ்தியா துறைமுகத்தில் அவருடைய தாய் மோனிக்கா காலமாகிறார். தாயின் கண்களை மகனே மூடுகிறார். வாய்விட்டு அழுத பேரனை அங்கிருந்தவர்கள் அடக்குகிறார்கள். அகுஸ்தினாரோ அடக்கம் முடியும்வரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. குளித்தால் மனக்கவலை நீங்கும் என்று கேள்விப்பட்டுக் குளியல் கூடத்துக்குப் போகிறார்; குளித்துவிட்டு வந்தும் பாரம் இருந்தபடியே இருக்கிறது. பிறகு தூங்கி எழுந்து தனியே படுத்திருக்கையில், மிலான் ஆயர் அம்புரோசியாரின் பாடல் வரிகள் மனத்தில் ஓட, அதுவரை அணைபோட்டிருந்த கண்ணீரைத் திறந்து விடுகிறார். ஒரு மணி நேரம்கூட நீடிக்காத அந்த அழுகையைப் பாவம் என்று எண்ணுகிறவர் என்னை எள்ளி நகையாட வேண்டாம், அன்புள்ளவரானால் எனக்காக அழட்டும் என்கிறார். சுமார் பத்தாண்டுகள் கழித்து, ஆயரான பிறகு இதை எழுதினார் என்பதையும் கவனியுங்கள். உங்கள் மூப்பரிடம் யாராவது இந்தப் பக்கத்தைக் காட்டினால் நன்றாயிருக்கும்.

பதில் 2: பணிநிறைவு பெற்ற தமிழாசிரியை

தம்பி, தமிழில் கேட்டதால் சொல்கிறேன். வீரமாமுனிவரின் தேம்பாவணியில், கானகத்தில் தாய் எலிசபெத்தை அடக்கம் செய்துவிட்டுக் கருணையன் புலம்பும் பாடல்கள் இருக்கின்றன. கருணையன் என்பவர் வேறு யாருமல்லர், திருமுழுக்கு யோவான்தான். வனாந்தரத்தில் நெருப்பாய்ப் பேசியவர் என்றே நாம் அறிந்த அந்த மனிதரை, தாயின் வாய்மொழியையே மழைநீராகக் கொண்டு வாழ்ந்து, இப்போது துளி நீரின்றி மணிபிடிக்கும் முன்பே காய்ந்த இளம்பயிராகக் காட்டுகிறார் கவிஞர். தேற்ற எவரும் வருவதற்கு முன், அவருடன் சேர்ந்து காடே அழுகிறது. வறண்ட வயலைப் பார்த்தவர்களுக்கு அந்த உவமைக்கு உரை தேவைப்படாது. பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் இப்பகுதி உண்டு; மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்யவைத்தே இதன் வலியை மரத்துப்போகச் செய்தவர்களில் நானும் ஒருத்தி.

பதில் 3: மதுரைச் சபையான்

சகோதரரே, மூப்பர் சொன்ன வசனத்தையே மறுபடி வாசியுங்கள். 1 தெசலோனிக்கேயர் 4:13 துக்கிக்கவே கூடாது என்று சொல்லவில்லை. நம்பிக்கையற்றவர்களைப் போல் துக்கிக்க வேண்டாம் என்றே சொல்லுகிறது. இரண்டும் ஒன்றல்ல.

ஆங்கிலத்தில் சி. எஸ். லூயிஸின் 'எ கிரீஃப் அப்சர்வ்ட்' சிறிய நூல். துன்பம் ஏன் என்பதற்கு 1940இல் ஒரு புத்தகம் முழுக்க நியாயங்களை அடுக்கிக் காட்டிய அதே மனிதர், 1960இல் மனைவி இறந்தபோது, கதவு முகத்தில் அறைந்து சாத்தப்பட்டு உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தத்தைத்தான் கேட்டேன் என்று தேவனைப்பற்றி எழுதுகிறார். மறு ஆண்டு அது வெளிவந்தபோது அட்டையில் அவர் பெயர் இல்லை, புனைபெயர்தான் இருந்தது. ஒன்பது வயதில் தாயை இழந்தவர் அவர். ஆனால் இதை முதலில் எடுக்க வேண்டாம் என்பது என் எண்ணம். முதல் பக்கங்கள் மிகவும் இருட்டானவை, அந்தக் கதவைப்பற்றி அவர் வேறுவிதமாக எண்ணத் தொடங்குவது பிற்பகுதியில்தான். முதலில் 88ஆம் சங்கீதத்தை வாசியுங்கள். மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் துதியில் போய் முடியும். இது அப்படித் திரும்பாமலே முடிகிறது. அதையும் ஆராதனையில் பாடுவதற்கென்றே வைத்திருந்தார்கள்.

பாளைவாசி

மூவருக்கும் நன்றி. மகளுடைய பத்தாம் வகுப்புப் புத்தகம் பரணில் கிடைத்தது. டீச்சர் சொன்ன பாடலின் ஓரத்தில், 'இளங்கூழ் – இளம்பயிர்' என்று அவள் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறாள். நேற்று இரவு அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். இன்னொரு தரம் வாசி என்றார்கள்.