இரங்கூன் கோடையில் கார் பேட்டரியைக் காப்பது குறித்து

தாம்வே வாசி எழுதியது:

அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம். ஜப்பானிலிருந்து பழைய வண்டியாக இறக்குமதியான சிறிய கார் ஒன்றை இரங்கூனில் ஓட்டி வருகிறேன். மார்கழி, தை மாதங்களில் சாவியைத் திருப்பியவுடன் கிளம்பும் எஞ்சின், பங்குனி வெயில் தொடங்கியதும் தயங்கித் தயங்கிக் கிளம்புகிறது. ஆறு மூடிகள் கொண்ட, தண்ணீர் ஊற்றும் வகைப் பேட்டரிதான் அதில் இருக்கிறது. கடையில் சோதித்துப் பார்க்காமலேயே புதியது வாங்கிவிடச் சொல்கிறார்கள். வெயில் உண்மையிலேயே பேட்டரியைக் கெடுக்குமா, அதைத் தடுக்க நான் செய்யக்கூடியது என்ன என்பதை அறிய விரும்புகிறேன். இன்னொன்றும் கேட்க வேண்டும். மின்வெட்டு இரவுகளில் இதே பேட்டரியைக் கழற்றி இன்வெர்ட்டரில் இணைத்து மின்விசிறி ஓட்டலாம் என்று அக்கம்பக்கத்தார் சொல்கிறார்கள். அது சரிதானா?

மாண்டலே பணிமனை எழுதியது:

வணக்கம் ஐயா. வெயில் கட்டாயம் கெடுக்கும். குளிர் பேட்டரியின் வேகத்தைத்தான் குறைக்கிறது. வெப்பமோ அதன் ஆயுளையே குறைக்கிறது. வெப்பம் 10 பாகை கூடினால் உள்ளே நடக்கும் வேதிமாற்றம் ஏறக்குறைய இரு மடங்கு வேகமாகும் என்பது தொழிலில் உள்ளவர்கள் வைத்திருக்கும் பொதுக்கணக்கு. அதனால் ஈயத் தகடுகளின் உள்சட்டகங்கள் விரைவில் அரிக்கப்படுகின்றன, ஆசிட்டில் உள்ள தண்ணீர் ஆவியாகிக் குறைகிறது, நிறுத்தி வைத்த வண்டியிலும் சார்ஜ் தானாகவே வேகமாக இறங்குகிறது. 2024 ஏப்ரல் 28 அன்று மக்வே வட்டாரத்தின் சௌக் நகரில் 48.2 பாகை செல்சியஸ் பதிவானதை நினைத்துப் பாருங்கள். அப்படிப்பட்ட நாளில் எஞ்சினுக்குப் பக்கத்தில் மூடிய பானெட்டுக்குள் இருக்கும் பேட்டரி அதைவிட எவ்வளவோ கூடுதலான சூட்டைத் தாங்க வேண்டியிருக்கிறது.

ஆனாலும் அளந்து பார்க்காமல் புதியது வாங்காதீர்கள். வண்டியை இரவு முழுவதும் நிறுத்திவைத்துவிட்டு, காலையில் எஞ்சினைக் கிளப்பும் முன் சாதாரண மல்டிமீட்டரால் அளந்தால் 12.6 வோல்ட் அல்லது அதற்கு மேல் காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதிச் சார்ஜ்தான் மிஞ்சியிருக்கிறது என்று பொருள். பிறகு எஞ்சினை ஓடவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். அப்போது 13.8 முதல் 14.7 வோல்ட் வரை வந்தால், ஓடும் எஞ்சினிலிருந்து பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறது. 15 வோல்ட்டைத் தாண்டினாலோ, அழுகிய முட்டை நாற்றம் வந்தாலோ, பேட்டரியின் பக்கங்கள் உப்பியிருந்தாலோ அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறுகிறது. அந்த நிலையில் புதுப் பேட்டரி போட்டாலும் அடுத்த கோடைக்குள் அதுவும் வீணாகிவிடும். ஆகவே முதலில் சார்ஜ் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரைப் பார்க்க வேண்டும்.

கோடை மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆறு செல்களிலும், அதாவது ஒவ்வொரு மூடிக்கும் கீழே உள்ள அறையிலும், தண்ணீர் அளவைப் பாருங்கள். பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டரை மட்டுமே ஊற்ற வேண்டும். குடிநீர்ப் பாட்டிலில் தாது உப்புகள் இருக்கின்றன. தகரக் கூரையிலிருந்து பிடித்த மழைநீரும் ஆகாது. ஆவியாகிப் போவது தண்ணீர்தானே தவிர ஆசிட் அன்று, ஆகவே ஆசிட்டை ஊற்றவே கூடாது. தகடுகள் வெளியே தெரிந்தால் அவை மூழ்கும் அளவுக்கு மட்டும் ஊற்றிச் சார்ஜ் ஏற்றுங்கள். சார்ஜ் ஏறும்போது மட்டம் உயரும் என்பதால், பேட்டரியின் பக்கத்தில் குறித்திருக்கும் மேல்கோடு வரை நிரப்புவதை அதற்குப் பிறகு செய்யுங்கள்.

வயர் மாட்டும் முனையான டெர்மினலில் வெள்ளை அல்லது பச்சைப் பூப்பு இருந்தால் சமையல் சோடா கரைத்த நீரால் கழுவித் துடைத்து, வாசலின் தடவுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் வயரை முதலில் கழற்ற வேண்டும். மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும். ஜப்பானிய வண்டிகள் சிலவற்றில் பேட்டரியைச் சுற்றி ஓர் உறை இருக்கும். அது எஞ்சின் சூட்டைத் தடுப்பதற்காக வைத்தது, அலங்காரம் என்று எண்ணி எடுத்துப் போட்டுவிட வேண்டாம்.

மோல்மேன் அக்கா எழுதியது:

தம்பி, இன்வெர்ட்டர் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் தெருவில் பல வண்டிகளின் பேட்டரி இந்தப் பழக்கத்தால்தான் கெட்டுப்போகிறது. காரின் பேட்டரி, எஞ்சினைக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுழற்றுவதற்காகச் சில விநாடிகள் பெரிய மின்னோட்டத்தைக் கொடுக்கச் செய்யப்பட்டது. அதற்காகவே அதில் மெல்லிய தகடுகள் நிறைய வைத்திருக்கிறார்கள். அதை அடிவரை இறக்கினால் தகட்டின் மேல் உள்ள பசை உதிரத் தொடங்கும். 50 வாட் மின்விசிறி, இன்வெர்ட்டரின் இழப்பையும் சேர்த்து ஏறக்குறைய 5 ஆம்பியர் இழுக்கும். ஆறு மணி நேரம் ஓடினால் 30 ஆம்பியர் மணி செலவாகிறது. 45 ஆம்பியர் மணிப் பேட்டரியில் அது மூன்றில் இரண்டு பங்கு. காலையில் நெரிசலில் ஏசியைப் போட்டுக்கொண்டு ஊர்ந்து செல்லும் வண்டியில் அந்த இழப்பு திரும்ப ஏறாது. குறைந்த சார்ஜிலேயே கிடக்கும் தகட்டில் ஈய சல்பேட் என்னும் உப்பு கெட்டியாகப் படிந்துவிடும்.

அதைவிட எனக்குக் கவலை தருவது, படுக்கையறையில் வைத்துச் சார்ஜ் ஏற்றுவது. அப்போது ஹைட்ரஜன் வாயு வெளியேறும். மெழுகுவர்த்தியோ கொசுவர்த்திச் சுருளோ பக்கத்தில் இருந்தால் வெடிக்கக்கூடும். குழந்தைகள் உறங்கும் அறையில் அதை ஒருபோதும் செய்யாதீர்கள். வீட்டுக்கென்று ஆழ்ந்து இறங்கி ஏறும் வகைப் பேட்டரியைத் தனியாக வாங்கி, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.

தாம்வே வாசி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. இன்று காலை அளந்ததில் 12.3 வோல்ட் காட்டியது. எஞ்சின் ஓடும்போது 14.2 இருக்கிறது. இரண்டு செல்களில் தண்ணீர் கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தது, தகடுகள் மட்டும் வெளியே தெரியவில்லை. திஞ்சான் என்னும் பர்மியப் புத்தாண்டு விடுமுறையில் வண்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு ஊருக்குப் போகிறோம். அதற்கு என்ன செய்வது?

மாண்டலே பணிமனை எழுதியது:

ஆல்டர்னேட்டரில் குறையில்லை ஐயா. பேட்டரியைக் கழற்றி வெளிச் சார்ஜரில் மெதுவாக முழுமையாக ஏற்றி, டிஸ்டில்டு வாட்டரை நிரப்பி, மறுநாள் அளந்து பாருங்கள். 12.6 நின்றால் இன்னும் உழைக்கும். ஒரு செல்லின் ஆசிட் அடர்த்தி மட்டும் மற்றவற்றைவிட மிகவும் தாழ்ந்திருந்தால் அந்தச் செல் போய்விட்டது. ஆசிட் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் முழுச் சார்ஜுக்கு 1.26 முதல் 1.28 வரை காட்ட வேண்டும்.

ஊருக்குப் போகும் முன் முழுச் சார்ஜ் ஏற்றி, நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு, வண்டியை நிழலில் நிறுத்துங்கள். புதியது வாங்கத்தான் வேண்டும் என்றால் பழைய பேட்டரியின் மேல் உள்ள எழுத்தைக் குறித்துக்கொண்டு போங்கள். 46B24L என்பதில் 46 அதன் திறன் நிலை, B அகல உயர வகை, 24 ஏறக்குறைய சென்டிமீட்டரில் நீளம், கடைசி எழுத்து டெர்மினல் இருக்கும் பக்கம். அந்தக் கடைசி எழுத்து மாறினால் வயர் எட்டாது. உங்கள் வண்டி ஹைபிரிட் வகையாக இருந்து பேட்டரி பின்பெட்டியில் இருந்தால், வாயுவை வெளியேற்றும் குழாய் பொருத்தக்கூடிய, அதற்கென்றே செய்த பேட்டரியைத்தான் போட வேண்டும். விலை குறைவு என்று சாதாரணப் பேட்டரியை அங்கே வைக்கச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.