நம்ம வீட்டு ஆளுங்க (வாட்ஸ்அப் குழு)

நிவேதா: மாமா, அகதா கிறிஸ்டியோட ரோஜர் அக்ராய்ட் கதை புக்ல அவ்ளோ நல்லா இருக்கு. டிவியில ஏன் சப்புன்னு இருக்கு?

சுந்தர் மாமா: 1926-ல அந்தம்மா பண்ணின வித்தை எழுத்துல மட்டும்தான் பலிக்கும். கதை சொல்ற டாக்டர்தான் கொலைகாரன்.

கார்த்தி: மாமா!! நான் பாதிலதான் இருக்கேன்

சுந்தர் மாமா: புக் வந்து கிட்டத்தட்ட நூறு வருஷம் ஆச்சு, உனக்காக எவ்ளோ நாள் காத்திருக்கறது?

பெரியம்மா: யாருக்கு என்ன ஆச்சு? கொலைங்கறீங்க

நிவேதா: கதையில பெரியம்மா, பயப்படாதீங்க

மாலதி அத்தை: கதையில, கொலையாகப் போற அக்ராய்டுக்கு லெட்டர் வந்தது 8.40. டாக்டர் அவர் ரூமை விட்டுக் கிளம்பினது 8.50. நடுவுல கொலை நடந்த 10 நிமிஷத்தை ஒரே வரியில தாண்டிடுவார். படிக்கறவங்க கண்ணு அது மேல வழுக்கிட்டுப் போயிடும். கேமராவுல அங்க கட் பண்ணினா "எதையோ மறைக்கறான்"னு உடனே தெரிஞ்சிடும்.

நிவேதா: வாய்ஸ் ஓவர் போட்டா சரியாகாதா அத்தை?

சுந்தர் மாமா: 2000-ல டேவிட் சுஷே நடிச்சதுல போட்டாங்க. ஆனா கொலைகாரன் டைரியை வாசிக்கறது துப்பறியற பொய்ரோ குரல். அதனால டாக்டர் நம்மளோடயே வர்ற ஆளுங்கற நெருக்கம் வரலை, சந்தேகப் பட்டியல்ல இன்னொருத்தரா நிக்கறார். கடைசியில துப்பாக்கி, துரத்தல் வேற. தேவையே இல்லை.

மாலதி அத்தை: நாற்காலியை விட்டுட்டீங்களேங்க. பிணம் கிடந்த ரூம்ல ஒரு நாற்காலி இடம் மாறியிருக்குன்னு பட்லர் சொல்வார். மேஜையில இருந்த டிக்டாஃபோன் (குரல் பதிவு மெஷின்) வாசல்லேர்ந்து தெரியாம இருக்கத்தான் அது. இந்த மாதிரி தடயத்துக்குத் தனி க்ளோசப் வைக்கவே கூடாது. நாலு பேர் பேசற ஷாட்ல ஓரமா இருக்கணும். ரெண்டாவது தடவை பார்க்கறப்போ கண்ணுல பட்டா போதும்.

கார்த்தி: அப்போ கிறிஸ்டியே டிவிக்கு ஆகாதா?

மாலதி அத்தை: ஆகும். கிறிஸ்டியோட 1939 தீவுக் கதை 'அண்ட் தென் தேர் வேர் நன்'-ஐ பிபிசி 2015-ல 3 எபிசோடா எடுத்தது அருமை. அதுல கதைசொல்லி கிடையாது, 10 பேர் மனசுக்குள்ளயும் மாறி மாறிப் போவோம். அதை ஃப்ளாஷ்பேக்கா மாத்திடலாம். முடிவுதான் கஷ்டம். புக்ல எல்லாரும் செத்த பிறகு பாட்டில்ல கிடைச்ச ஒரு கடிதம்தான் மொத்த விளக்கமும். திரையில அதை வாசிச்சுக்கிட்டு இருந்தா யார் உக்காந்து பார்ப்பா? அதனால கடைசி ஆள் கழுத்துல சுருக்கு இருக்கறப்பவே கொலைகாரன் உள்ள வந்து பேசறான். சேதி அதேதான், ஆனா இப்போ ஒரு உயிர் ஊசலாடிட்டு இருக்கு.

நிவேதா: துப்பறியறவர் மனசுல ஓடறதை எப்படிக் காட்டறது?

சுந்தர் மாமா: கூட ஒருத்தரைப் போடணும். காலின் டெக்ஸ்டர் நாவல்ல துப்பறியற போலீஸ்காரர் மோர்ஸ், அவர்கூட வர்ற உதவியாளர் லூயிஸ். லூயிஸ் வேல்ஸ்காரர், வயசும் ஜாஸ்தி. 1987-ல டிவிக்கு வர்றப்போ மோர்ஸைவிடச் சின்னவரா, வட இங்கிலாந்துக்காரரா மாத்தினாங்க. மோர்ஸ் தப்புத் தப்பா தியரி கட்டுவார், இவர் முழிச்சுக்கிட்டே கேள்வி கேப்பார், நமக்கும் புரியும். நாவல் 13, எபிசோட் 33. ஆளுங்க அவ்ளோ நல்லா அமைஞ்சதாலதான் நாவல்ல இல்லாத கதையும் நின்னுச்சு.

கார்த்தி: மோர்ஸ் ஓட்டற அந்த சிவப்பு ஜாகுவார் கார் புக்ல உண்டா?

சுந்தர் மாமா: முதல்ல லான்சியாதான். டிவியைப் பார்த்துட்டு டெக்ஸ்டரே பின்னாடி மாத்திக்கிட்டார்.

மாலதி அத்தை: நடிகர் தேர்வும் ஒரு வம்பு. பெரிய ஸ்டாரை ரெண்டு சீன் ரோல்ல போட்டா, முதல் அரை மணிலயே கொலைகாரன் யாருன்னு பெரியம்மா சொல்லிடுவாங்க.

பெரியம்மா: ஆமா, நான்தான் எப்பவும் சொல்றேனே

நிவேதா: ஒரு 250 பக்க நாவலுக்கு எத்தனை எபிசோட் சரி?

சுந்தர் மாமா: ஒரு மணி நேரம் வீதம் 2, மிஞ்சினா 3. எட்டுன்னு இழுத்தா போலீஸ்காரரோட விவாகரத்தை வச்சுத்தான் ரொப்பணும்.