கொங்குப் பேச்சுப் பதிவுகள் தேவை: உதவுங்கள்

நண்பர்களே, வணக்கம். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் தமிழ் சூப்பர்வைசர் சொல்வதை ஒடிசா, பீகார் தொழிலாளர்களுக்கு உடனுக்குடன் இந்தியில் சொல்லும் கருவிக்காக ஆராய்ச்சி செய்து வருகிறேன். 2022இல் தொடங்கிய பாஷிணி (இந்திய மொழிகளுக்கான மத்திய அரசின் மொழிபெயர்ப்புத் திட்டம்) போன்ற திட்டங்களால் மொழிபெயர்ப்புப் பக்கம் ஓரளவு வழி பிறந்திருக்கிறது. சிக்கல் அதற்கு முன்னாலேயே, பேச்சைக் கருவி சரியாகக் கேட்டு எழுத்தாக்குவதில்தான்.

போன வாரம் ஓவர்லாக் மிஷின் பக்கத்தில் நின்று ஒருவர், "அந்த பண்டல அக்கட்டால (அந்தப் பக்கம்) வெய்யுங்க" என்றார். கருவி 'அக்கா கட்டில்' என்று எழுதியது. முதல் படியில் பிசகினால் இந்தியிலும் அதே பிசகுதான்.

இரைச்சலைத் தவிர்க்க, கழுத்துத் தோலின் அதிர்வை உணரும் தொண்டை மைக்கையும் சோதிக்கிறோம். அதில் மிஷின் சத்தம் வெகுவாகக் குறைகிறது. ஆனால் உயர் அதிர்வெண்கள் மங்கிவிடுவதால் ச, ஸ போன்ற ஒலிகள் தெளிவாக விழுவதில்லை.

அதனால், தறி, தையல் சத்தத்துக்கு நடுவே கொங்குத் தமிழில் இயல்பாகப் பேசிய பதிவுகள் தேவை. இரண்டு நிமிடம் போதும், செல்போனிலேயே எடுக்கலாம். பேசுபவரின் சம்மதம் கட்டாயம் வேண்டும், பெயர் வேண்டாம். அப்புறம், தொண்டை மைக்கோடு வேலை பார்த்த அனுபவம் யாருக்காவது இருந்தால் தயவுசெய்து இங்கேயே சொல்லுங்கள்.