பேக்பைப்போடு வில்லுப்பாட்டுக் குடம்: ரெக்கார்டிங்கில் எப்படிச் சேர்ப்பது?

குழித்துறைக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் மாமா பட்டாளத்தில் பேக்பைப் வாசித்தவர், ஓய்வு பெற்று ஊருக்கு வந்த பிறகும் காலையில் ரப்பர் தோட்டத்துக்குள் போய் நின்று கொஞ்ச நேரம் ஊதாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. கோயில் கொடை, சர்ச் திருவிழா, கல்யாண வீடு என்று கூப்பிடுகிறார்கள், போகிறார், ஆனால் எல்லா இடத்திலும் பின்னால் அதே பேண்டு டிரம்தான். நம்ம ஊர் வில்லுப்பாட்டுச் செட்டோடு, அதாவது வில்லு, குடம், உடுக்கை, தாளம், இவற்றோடு சேர்த்து நாலைந்து உருப்படி ஒழுங்காகப் பதிவு பண்ண வேண்டும், முடிந்தால் பாறசாலைப் பக்கத்திலிருந்து ஒரு இடக்காக்காரரையும் (இடக்கா என்பது உடுக்கை வடிவில் இருக்கும் கேரளத்து மேளம்) கூட்டி வர வேண்டும் என்று அவருக்கும் எனக்கும் ரொம்ப நாள் ஆசை.

ஒரு ஸ்டுடியோவில் போய்ப் பார்த்தோம். எல்லோரையும் ஒரே அறையில் உட்கார வைத்துவிட்டார்கள். கேட்டுப் பார்த்தால் குடத்துக்கு வைத்த மைக்கிலும் பைப், உடுக்கைக்கு வைத்த மைக்கிலும் பைப். கீபோர்டு பையன் எந்தக் கட்டையில், அதாவது எந்தச் சுருதி அளவில், போட்டாலும் ஒட்டவில்லை. கடைசியில் “அண்ணே, உங்க பைப் சுருதியே தப்பு” என்று சொல்லிவிட்டான், மாமா அன்றைக்கு முழுக்க யாரோடும் பேசவில்லை. நிஜமாகவே தப்பா? பாடுகிற அண்ணனுக்கும் அந்தக் கட்டை எட்டவில்லை. இதற்கிடையில் கூட்டாளிகள் எல்லாம் சிங்காரி மேளத்தை (ஆடிக்கொண்டே அடிக்கிற கேரளத்துச் செண்டைக் கூட்டம்) சேருல, சும்மா அதிரும் என்கிறார்கள். சேர்க்கலாமா?

பாலக்காட்டு சவுண்டு:

தம்பி, மாமாவிடம் முதலில் சொல்லுங்கள், சுருதி தப்பே இல்லை. ஸ்காட்லாந்துப் பைப்பின் ஆதார ஸ்வரத்தை எழுதும்போது ‘ஏ’ என்று எழுதுவார்கள், ஆனால் கேட்பது நம்ம ஆறரைக் கட்டைக்கும் கொஞ்சம் மேலே. கீபோர்டில் ஆறரைக் கட்டை 466 ஹெர்ட்ஸ், இந்தக் காலத்துப் பைப்புகள் 475, 480 என்று நிற்கும். அரைக் கட்டை இடைவெளியில் கிட்டத்தட்ட பாதி தூரம். அதனால் ஆறரையில் போட்டால் பைப் தூக்கலாகக் கேட்கும், ஏழில் போட்டால் இறக்கமாகக் கேட்கும், பையன் திணறியதில் ஆச்சரியமில்லை. கீபோர்டில் டியூனிங் என்று ஒரு இடம் இருக்கும், அங்கே 440 என்று இருப்பதை 450க்குப் பக்கத்தில் கொண்டுபோய், காதால் கேட்டு நிறுத்தச் சொல்லுங்கள். ஆர்மோனியத்தை மட்டும் கிட்டவே சேர்க்காதீர்கள், அதை அப்படித் திருப்ப முடியாது. பைப்பை இறக்கவும் வழி இருக்கிறது, சீவாளியை (காற்றில் அதிர்ந்து சத்தம் தரும் துண்டை) கொஞ்சம் வெளியே இழுத்து வைத்து, துளைகளின் மேல் விளிம்பில் டேப் ஒட்டுவார்கள், ஆனால் மாமாவுக்கே அது தெரிந்திருக்கும், அவர் செய்யாமல் இருக்கிறார் என்றால் காரணம் இருக்கும்.

இனி ரெக்கார்டிங். எல்லோரையும் ஒரே அறையில் வைத்து இதைச் செய்யவே முடியாது. பைப்பை முதலில் தனியாக எடுங்கள், மற்ற எல்லாவற்றையும் அதன் மேல் ஹெட்போன் போட்டு வாசியுங்கள். பைப்பில் சத்தத்தைக் கூட்டவும் முடியாது குறைக்கவும் முடியாது, பையை அழுத்தி ஊதினால் சுருதிதான் ஓடும், ஆகவே அது மாறாது என்று வைத்துக்கொண்டு மற்றவர்கள்தான் அதற்கு வழிவிட வேண்டும். வாசிக்க ஆரம்பித்துப் பத்துப் பதினைந்து நிமிஷமாவது சூடேறிய பிறகுதான் சுருதி நிற்கும், அதற்கு முன்னால் ரெக்கார்ட் பட்டனைத் தொடாதீர்கள். மழைக்காலத்தில் பை, சீவாளி எல்லாம் ஈரம் பிடித்துக்கொள்ளும், நடுநடுவே ஓய்வு கொடுங்கள்.

மைக் இரண்டு போதும். விரல் வைத்து வாசிக்கிற குழலுக்கு முன்னால் நாலைந்து அடி தள்ளி ஒன்று, தோளுக்கு மேலே நீட்டிக்கொண்டு ஒரே ஸ்வரத்தில் விடாமல் ஒலிக்கிற மூன்று ட்ரோன் குழாய்களுக்குப் பின்பக்கமாக, தலைக்கு மேல் ஒன்று. கிட்டே வைத்தால் விரல் தட்டுவதும் கீச்சென்ற சத்தமும்தான் விழும். இன்னொன்று, பலரும் மறப்பது: குழலை அடைத்துவிட்டு வெறும் ட்ரோனை மட்டும் இரண்டு மூன்று நிமிஷம் அதே உட்காரலில் பதிந்து வையுங்கள். பிறகு ஒட்டு வேலை பார்க்கும்போது, பாட்டின் தொடக்கத்தில் மெல்லக் கொண்டுவரும்போது, அதுதான் கை கொடுக்கும்.

அறை என்றால் டைல்ஸ் போட்ட சின்ன அறை ஆகாது. சர்ச் ஹாலும் வேண்டாம், எதிரொலி நீண்டு அந்தப் பொடி விரலடிகளையெல்லாம் தின்றுவிடும். மாமா வாசிக்கும் ரப்பர் தோட்டமே நல்ல இடம், சத்தம் திரும்பி வராது. இலை உதிரும் மாசத்தில் மட்டும் போகாதீர்கள், ஒருவர் கால் மாற்றி நின்றால்கூடச் சருகு ரெக்கார்ட் ஆகிவிடும்.

திருவட்டார் பாரி:

நான் நாகஸ்வரம் வாசிக்கிறவன். பாடுகிறவருக்குக் கட்டை எட்டவில்லை என்றீர்களே, அதற்கு வழி பைப்புக்குள்ளேயே இருக்கிறது.

பைப்பில் மொத்தமே ஒன்பது ஸ்வரம். ஆதார ஸ்வரத்தை ஸா என்று வைத்தால் கீழே ஒரு கைசிகி நிஷாதம், மேலே ஸா வரை நேராக ஹரிகாம்போதி ராகம். அதிலிருந்து மோகனம், மத்யமாவதி, கேதாரகௌளை எல்லாம் வரும். ஆனால் ஆறரைக் கட்டையில் யார் பாடுவார்? சரி, அதே பைப்பில் மத்யமத்தை ஸாவாக வைத்துப் பாருங்கள். கிரகபேதத்தில், அதாவது ஸாவை வேறொரு ஸ்வரத்துக்கு மாற்றிப் பார்ப்பதில், அது சங்கராபரணம் ஆகிவிடும், மந்தர மத்யமத்திலிருந்து மத்திய பஞ்சமம் வரை சஞ்சாரம் கிடைக்கும், கட்டை இரண்டரைக்கு மேல் கொஞ்சம் என்று வந்து நிற்கும். வில்லுப்பாட்டில் உச்சஸ்தாயியில் பாடிப் பழகிய ஆளுக்கு இரண்டரை பாடுகிற கட்டைதான், எங்கள் பாரி நாயனமும் (நீளமான நாகஸ்வரம்) பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. ட்ரோன் அப்போது பஞ்சமத்தில் நிற்கும். பஞ்சம சுருதியாக எடுத்துக்கொண்டால் இடிக்காது, ஆனால் மத்யமத்தில் ரொம்ப நேரம் நிற்காதீர்கள், ட்ரோனோடு உரசும்.

இன்னொரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். நாங்கள் நாயனத்தில் நாக்கால் துத்துக்காரம் போட்டு ஸ்வரத்தைப் பிரிக்கிறோம். பைப்காரருக்குச் சீவாளி வாயிலேயே இல்லை, அது பைக்குள் இருக்கிறது, நாக்கால் ஒன்றும் செய்ய முடியாது. ஒரே ஸ்வரம் இரண்டு தடவை வர வேண்டுமென்றால் நடுவில் வேறொரு விரலைச் சட்டென்று தூக்கி ஒரு பொடி ஸ்வரம் போட்டால்தான் இரண்டு என்று தெரியும். அதாவது பைப்பில் நிசப்தம் என்பதே கிடையாது. அதனால் கூட வாசிப்பவர் நிறுத்தத்தையும் ஏற்ற இறக்கத்தையும் கொண்டுவர வேண்டும், அந்த வேலைக்குக் குடம் பிரமாதம். வாயில் மட்டை விழும்போது கும்மென்று ஒரு அடி, பிறகு வெறுமை. அந்த வெறுமையில்தான் கேட்கிறவனுக்கு மூச்சு வரும். இடக்காவும் அப்படித்தான், தோளில் தொங்கவிட்டு இடது கையால் நடுவே அழுத்த அழுத்தச் சுருதி ஏறி இறங்கும், பைப்பால் முடியாத கமகத்தை (ஸ்வரத்தை அசைப்பதை) அது கீழே போட்டுக்கொண்டே வரும். இடக்காவின் சத்தம் சின்னது, நேரில் பைப் பக்கத்தில் நின்றால் காணாமல் போய்விடும். அதற்காகத்தானே ரெக்கார்டிங்.

சிங்காரி மேளம் வேண்டாம் என்பேன். சத்தத்தோடு சத்தம் சேர்ந்து என்ன பயன்.

சித்தூர் செண்டை:

பாரி அண்ணன் சொல்வதில் பாதிக்கு நான் ஒப்புக்கொள்ளமாட்டேன் (சித்தூர் என்றால் பாலக்காட்டுச் சித்தூர், ஆந்திரா இல்லை). செண்டை என்றாலே சிங்காரி மேளமா? சிங்காரியில் ஆடிக்கொண்டே அடிப்பதால் தாளம் ஒரு பக்கம் போகும், அது ரெக்கார்டிங்குக்கு ஆகாது, சரி. பஞ்சாரி என்கிற செண்டை மேளத்தை எடுங்கள். ஆறு அட்சரத் தாளம், முதல் காலத்தில் ஒரு சுற்றுக்கு 96 அட்சரம் என்று தொடங்கி 48, 24, 12, கடைசிக் காலத்தில் ஆறில் வந்து நிற்கும். பட்டாளத்துப் பைப்காரர்கள் ஆறெட்டு மார்ச் என்று வாசிக்கிறார்களே, அதன் நடை இதில் அப்படியே உட்காரும். ஒரே ஒரு உருட்டுச் செண்டை, ஒரு வலந்தலை (தாள அடியை மட்டும் போடுகிற செண்டை), ஒரு இலைத்தாளம் (வெண்கலத் தாளம்), அவ்வளவுதான். ட்ரோன் தனியாக ஓடட்டும், அதன் மேல் வலந்தலை மட்டும் நிதானமாக விழட்டும், பைப் குழல் பிறகு நுழையட்டும். கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

திருவட்டார் பாரி:

வலந்தலை மட்டும் என்றால் எனக்குச் சம்மதம். அதுவும் குடம் செய்கிற வேலைதானே.

நகரி நண்பன்:

பைப் என்றதும் வெள்ளைக்காரன் சாமான் என்று நினைக்கிறோம், எங்கள் ஆந்திர எல்லைப் பக்கம் ஆட்டுத்தோலில் செய்த தித்தி என்று சுருதிக்கு ஊதும் பை உண்டு, தமிழ்நாட்டில் சதிராட்டத்துக்கும் (பரதநாட்டியத்தின் பழைய வடிவம்) துத்தி என்று வைத்திருந்தார்கள். அதில் ராகம் வாசிப்பதில்லை, சுருதி மட்டும்தான். உங்கள் பக்கம் யாராவது பழைய ஆளிடம் அப்படி ஒன்று கிடைத்தால் பைப் ட்ரோனை அடைத்துவிட்டு அதைச் சுருதிக்கு வைத்துப் பாருங்களேன். அமெரிக்காவில் ரூஃபஸ் ஹார்லி என்றொருவர் 1963இல் கென்னடி இறுதி ஊர்வலத்தில் பைப் கேட்டுவிட்டு அதை எடுத்து ஜாஸ் வாசித்தவர். அங்கே அப்படி என்றால் குழித்துறையில் குடத்தோடு வாசிக்கக் கூடாதா என்ன.

குழித்துறைக்காரன்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. சுருதி தப்பில்லை என்று பாலக்காட்டு அண்ணன் எழுதியதை மாமாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன், திரும்பவும் படி என்றார். மத்யமத்தை ஸாவாக வைக்கிற யோசனையை உடனே வாசித்துப் பார்த்துவிட்டார், வில்லுப்பாட்டு அண்ணனைப் போனில் வைத்தே பாடவும் சொன்னார், எட்டுகிறது. ட்ரோனை அடைக்கச் சொன்னதற்கு மட்டும் முறைத்தார், அதனால் தித்தி இப்போதைக்கு இல்லை. ஒரு சந்தேகம் பாக்கி: முதலில் பைப்பைத் தனியாக எடுத்தால் அவர் தாளம் ஓடாமல் எப்படி வாசிப்பார்? காதில் கிளிக் போட்டால் தனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்கிறார்.

பாலக்காட்டு சவுண்டு:

கிளிக் வேண்டாம், பைப் சத்தத்தில் அது கேட்கவும் கேட்காது. குடம் வாசிப்பவரை மாமாவுக்கு எதிரே, பார்க்கிற தூரத்தில் நிற்கவிட்டு ஒரு தலையணையில் மட்டையால் அடிக்கச் சொல்லுங்கள், மாமா அந்தக் கையைப் பார்த்து வாசிக்கட்டும். பட்டாளத்தில் டிரம் மேஜரின் கோலைப் பார்த்து வாசித்த மனுஷன், இது அவருக்குப் பழக்கம்தான். பிறகு அதே ஆள் அதே நடையில் நிஜக் குடத்தை வாசித்துச் சேர்த்துவிடலாம். இரண்டு பேரும் காதில் பஞ்சாவது வைத்துக்கொள்ளட்டும். இடக்காக்காரரை மட்டும் இப்போதே பேசி வையுங்கள், உற்சவ சீசன் ஆரம்பித்துவிட்டால் மே மாசம் வரை ஆள் கிடைக்கமாட்டார்கள்.